எட்டி நின்று காக்கும் சர்க்கரை

புரத ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, பஃபர் கலக்குவதிலும் ஃப்ரீஸ் டிரையருக்குக் காவல் இருப்பதிலும் முப்பது வருடம் கழித்தவன் எழுதிவைத்துப் போவது.

1. சர்க்கரை புரதத்தின் மேல் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டு காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கரைசலில் நடப்பதோ தலைகீழ். புரதத்தை ஒட்டிய இடத்தில் தண்ணீர்தான் கூடுதலாக இருக்கும். சுக்ரோஸ் தள்ளி நிற்கும். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் செர்ஜ் டிமாஷெஃபும் உடன் இருந்தவர்களும் இதை அளந்து 1981, 1982-இல் எழுதினார்கள்.

தள்ளி நிற்பது எப்படிக் காவலாகும்? சர்க்கரைத் தண்ணீரில் இருப்பது புரதத்துக்கு ஒரு சங்கடம். அதன் மேற்பரப்பு எவ்வளவோ அவ்வளவு சங்கடம். மடிப்பு அவிழ்ந்தால் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து மேற்பரப்பு பெருகும், சங்கடமும் பெருகும். அதனால் மடிந்தே கிடப்பதுதான் அதற்கு லாபம். யூரியாவோ புரதத்தோடு நன்றாக ஒட்டும். அவிழ்ந்த புரதத்தில் ஒட்ட இடம் அதிகம் கிடைப்பதால் அவிழ்ந்த நிலைக்கே ஆதரவு கொடுக்கும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் பாதி புரிந்துவிடும். முட்டைப் புட்டிங் செய்கிறவர்களுக்கு இது வேறு வழியில் தெரியும்: சர்க்கரை கூடினால் முட்டை இறுக இன்னும் சூடு கேட்கும்.

2. சிட்டிகை போட்டுப் பலன் எதிர்பார்க்காதீர்கள். இது வலுவில்லாத விளைவு, அளவை வைத்துத்தான் வேலை செய்யும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு சுக்ரோஸிலிருந்து தொடங்குங்கள். ஒன்பது பங்கை ஒட்டி ரத்தத்தின் சவ்வூடு அழுத்தத்துக்குச் சமமாகும் என்பதால் ஊசி மருந்துக்கும் அது தோது. மேலே மேலே போட்டால் காப்பு கூடும்தான். ஆனால் கரைசல் பாகாகி ஊசியில் இறங்காது.

3. குளுக்கோஸ், லாக்டோஸ் பக்கம் போகாதீர்கள். வந்த புதிதில், அலமாரியில் கைக்கு எட்டியது லாக்டோஸ்தானே என்று ஒரு நொதியை அதில் உலர்த்தி வைத்தேன். அன்றைக்குக் கேக், அதாவது உலர்ந்து நிற்கும் கட்டி, வெள்ளைவெளேரென்று இருந்தது. வெதுவெதுப்பான அறையில் சில வாரம் வைத்து எடுத்தால் பழுப்பு. அடுப்பில் திரட்டுப்பால் சிவக்கிறதே, அதே வினை: சர்க்கரையின் திறந்த முனை புரதத்தின் அமீன் தொகுதியைப் பிடித்துக்கொள்கிறது. சுக்ரோஸிலும், டிரெஹலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையிலும் அந்த முனை பூட்டியிருக்கும். ஆனால் அமிலக் கரைசலில் சுக்ரோஸ் மெல்ல உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகும். பூட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

4. உலர்த்தப் போகிறீர்களா? முதலாவதாகச் சொன்னதை அங்கே மறந்துவிடுங்கள். தண்ணீரே போய்விட்ட பிறகு எப்படித் தள்ளி நிற்பது? இப்போது சர்க்கரை நெருங்கி வந்து, தண்ணீர் விட்டுப்போன ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தானே ஏற்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஜான் குரோவ், லோயிஸ் குரோவ் தம்பதி உலர்ந்தும் சாகாத உயிர்களைப் பார்த்து வளர்த்த கருத்து அது. உப்பளத்து ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரின் முட்டைக்குள் டிரெஹலோஸ் குவிந்திருப்பது உலர்ந்தும் பிழைக்கத்தான் என்பார்கள். சர்க்கரை கண்ணாடியாக உறைந்து புரதத்தை அசையவிடாமல் பிடிக்கிறது என்பது மற்றக் கட்சி. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும். டெக்ஸ்ட்ரான் அருமையான கண்ணாடிதான், ஆனால் உடம்பு பெரிது, புரதத்தின் சந்துகளில் நுழையாது. மானிடோல் படிகமாகிப் புரதத்தைத் தனியே விட்டுவிடும். கேக் அழகாக நிற்கும், உள்ளே நொதி செத்திருக்கும். கேக்கின் அழகில் மயங்காதீர்கள்.

எவ்வளவு போடுவது? இங்கே சதவீதம் பேசாதீர்கள், புரதத்துக்கு எத்தனை பங்கு என்று கேளுங்கள். ஆன்டிபாடிக்கு எடைக்கு எடை சர்க்கரை என்று ஆரம்பிக்கலாம்.

5. சுக்ரோஸ் கரைசல் உறையும்போது பனிக்கட்டிக்கு நடுவே மிஞ்சும் பாகு கண்ணாடியாவது சுமார் -32 டிகிரி செல்சியஸில். முதல் உலர்த்தலில் அதைவிட வெகுவாகச் சூடேற்றினால் கேக் சரிந்துவிடும். ராத்திரி சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையில்தான் பாதிக் கேக்குகள் சரிகின்றன.

6. குலுக்கலுக்குச் சர்க்கரை மருந்தல்ல. காற்றும் தண்ணீரும் சேரும் பரப்பில் புரதம் அவிழும். அதற்குப் பாலிசார்பேட் சேருங்கள். கரைசலில் ஆக்சிஜனேற்றத்தையும் சர்க்கரை தடுக்காது.

7. டிரெஹலோஸா, சுக்ரோஸா என்று வருடா வருடம் யாராவது சண்டை பிடிப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஹெர்செப்டின் தூளில் டிரெஹலோஸ் இருக்கிறது. சுக்ரோஸை வைத்து ஓடும் மருந்துகளும் நிறைய. உலர்ந்த டிரெஹலோஸின் கண்ணாடி நூறு டிகிரிக்கு மேலும் தாங்கும், சுக்ரோஸ் அறுபது, எழுபதிலேயே இளகும். எனக்கு முதலில் சுக்ரோஸ்தான். கரைசல் அமிலமாக இருந்தாலோ, மருந்து வெயில் ஊருக்குப் போவதாக இருந்தாலோ டிரெஹலோஸ்.

8. எடை போடும் முன் புட்டியின் லேபிளைப் படியுங்கள். சுக்ரோஸ் ஒரு மோல் 342 கிராம். டிரெஹலோஸும் 342தான், ஆனால் கடையிலிருந்து வருவது பெரும்பாலும் இரண்டு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த டைஹைட்ரேட், அது 378. இதைக் கவனிக்காமல் ஒரு மாதத்துச் சோதனையை நான் திரும்பச் செய்திருக்கிறேன்.