பழைய பதிவுப் பெட்டியும் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலும்

நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வசதியுள்ள பழைய செட்டாப் பாக்ஸ் ஒன்று எங்கள் பள்ளியில் இருந்தது. முன்னாள் மாணவர் ஒருவர் கொடுத்தது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நேரலையை அதில் பதிவு செய்துதான் மறுநாள் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அந்த ஆண்டே இன்னொரு பதிவும் சேர்ந்தது. அறிவியல் கண்காட்சியில் எங்கள் எட்டாம் வகுப்பு மாணவி தன் மாதிரியை விளக்கிய ஒன்றரை நிமிடம், ஒரு செய்தித் தொலைக்காட்சியில் வந்தது. நூறு நாள் வேலைக்குப் போயிருந்த அவளுடைய அம்மா அதைப் பார்க்கவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே, அவள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

ஒருவழியாகக் கூட்டத் தேதி குறித்தபோது பெட்டி படுத்துக்கொண்டது. விளக்கு எரியும், உள்ளே வட்டு சுழலத் தொடங்கும், உடனே அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "பழசு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். புதுப் பெட்டியில் பழைய பதிவு வராதே!

அப்போது மின்னோட்டவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பெட்டியை வகுப்புக்கே கொண்டுபோனேன். அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டர் 12.1 காட்டியது. "அடாப்டர் நல்லாத்தான் சார் இருக்கு" என்று வகுப்பே தீர்ப்புச் சொன்னது. நான் மறுக்கவில்லை. பின்வரிசை மாணவன் ஒருவன்தான், "வேலை செய்யும்போதும் அதே அளவு இருக்குமா சார்?" என்று கேட்டான்.

இருசக்கர வாகன இண்டிகேட்டர் பல்புகள் இரண்டு வாங்கினோம். 12 வோல்ட், 10 வாட். ஒன்று எடுக்கும் மின்னோட்டம் எவ்வளவு என்று முதலில் கணக்கிடச் சொன்னேன்: சுமார் 0.83 ஆம்பியர். ஒரு பல்பை இணைத்ததும் மீட்டர் 10.9-க்கு இறங்கியது. பக்க இணைப்பில் இரண்டாவதையும் சேர்த்தால் 8.4. இரண்டும் சேர்ந்து 2 ஆம்பியரைத் தாண்டாதபோதே இந்தச் சரிவு. ஓய்வில் இருக்கும் வட்டைச் சுழலச் செய்யும் நொடியில்தான் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும். அந்த நொடியில் அழுத்தம் சரிந்து பெட்டி அணைகிறது என்பதைப் பிள்ளைகளே எட்டிவிட்டார்கள். சுமை இல்லாமல் அளந்ததை நம்பக் கூடாது என்று நான் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்!

அடாப்டரைத் திறந்து பார்க்கலாம் என்றார்கள். அனுமதிக்கவில்லை. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கியில் அது தங்கியிருக்கக்கூடும். நீங்களும் திறக்க வேண்டாம்.

கடையில் 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர்தான் கிடைத்தது. "3 ஆம்பியர் போனால் பெட்டி எரிஞ்சிடும் சார்!" பாதி வகுப்புக்கு இந்தப் பயம். வோல்ட்டும் முனைகளின் திசையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், பெட்டி தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். இதை விளக்க ஒரு பாடவேளை முழுதும் போனது. போனால் போகட்டும்.

பெட்டி எழுந்தது. அன்று மாலையே பதிவை ஓடவிட்டு, டிவி திரையை அலைபேசியில் படம்பிடித்துவிட்டேன். கூட்டத்தில் அம்மா இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். நல்லவேளை, மூன்று மாதத்தில் வட்டே 'டக் டக்' என்று அடித்து நின்றது. நிற்பதற்கு முன் ஒருநாள் அதைக் கணினியில் இணைத்துப் பார்த்தபோது, பார்மட் செய்யவா என்றுதான் கேட்டது. இத்தகைய பெட்டிகளில் பதிவுகள் பூட்டுக் குறியீட்டுடன் சேமிக்கப்படுவதால் வேறு கருவியில் திறக்காது. உங்கள் பள்ளியில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், ஓடும்போதே படம்பிடித்து வையுங்கள்.

இப்போது வட்டைப் பிரித்து, உள்ளிருந்த இரண்டு காந்தங்களை ஆறாம் வகுப்புக் காந்தவியலுக்கு எடுத்துக்கொண்டேன். விரலை நசுக்கும் வலிமை அவற்றுக்கு. பிள்ளைகள் கையில் தனியே கொடுப்பதில்லை. பளபளக்கும் தட்டில் முகம் பார்த்த ஒரு பையன், "அக்கா இதுக்குள்ளயா சார் இருந்தாங்க?" என்றான். மீதிப் பலகைகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்கத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.