முதியோர் குடியிருப்பு வீட்டை வாடகைக்கு விடும் முன்

கோவை, சென்னை போன்ற ஊர்களில் முதியோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்புகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அத்தாவும் அம்மாவும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நம் குடும்பங்களிலும் சிலர் அங்கே வீடு வாங்கியிருக்கிறோம். பெரியவர்கள் மறைந்த பிறகோ, பிள்ளைகளோடு போய்விட்ட பிறகோ அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டுக்கும் மாதப் பராமரிப்புத் தொகை கட்டியாக வேண்டும். எனவே வாடகைக்கு விடுகிறோம்.

ஆனால் இது மற்ற வாடகை வீடு போன்றதல்ல. இங்கே குடிவருகிறவர் முதியவர். பொருந்தாத வீடு என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால், எழுபது வயதுக்கு மேல் அவர் மறுபடி சாமான்களைக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே வாடகைதாரரை விசாரிப்பது நம் வீட்டுக்கு மட்டுமல்ல, அவருக்கும் பாதுகாப்பு. அதை எப்படி முறையாகச் செய்வது என்று பார்ப்போம்.

1. முதலில் குடியிருப்பின் விதிகள்

ஆளைத் தேடும் முன், குடியிருப்போர் சங்கத்திடம் விதிகளை எழுத்தில் வாங்குவோம். தம்பதியரில் ஒருவருக்காவது 55 அல்லது 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள விதி. பேரப்பிள்ளைகள் வந்தால் எத்தனை நாள் தங்கலாம், பணிப்பெண் இரவில் தங்கலாமா, பொது உணவுக்கூடத்தில் சைவம் மட்டும்தானா, வீட்டில் இறைச்சி சமைக்கத் தடை உண்டா என்பதையெல்லாம் கேட்டு, வருகிறவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டின் குறையை மறைத்து விடுவது வியாபாரத்தில் குறையை மறைப்பதற்குச் சமம்.

2. மொத்தச் செலவைச் சேர்த்துக் கணக்கிடுவோம்

சம்பளச் சீட்டு கேட்கும் வழக்கம் இங்கே பயன்படாது. ஓய்வூதியம், வாடகை வருமானம், பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியவைதான் இவர்களின் வரவு. மூன்று மாத வங்கிக் கணக்குப் பக்கங்களைப் பார்த்தால் போதும்.

ஓர் உதாரணம்: வாடகை 15,000 ரூபாய், பராமரிப்பு 8,000, இருவருக்கும் உணவு 12,000 என்றால் மாதம் 35,000. ஓய்வூதியம் 40,000 என்றால் மருந்துக்கும் மற்றதற்கும் மிஞ்சுவது 5,000தான். வாடகை மட்டும் கட்ட முடியும் என்பதை வைத்து முடிவெடுக்காமல், இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுவோம். பிள்ளை பணம் கட்டுவதாக இருந்தால், அந்தப் பிள்ளையும் ஜாமீன்தாரராகக் கையெழுத்திடட்டும்.

3. உடல்நிலை: கேட்க வேண்டியது, கேட்கக் கூடாதது

இத்தகைய குடியிருப்புகள் பலவும் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்களுக்கானவை. ஆகவே அன்றாட உதவிக்கு ஆள் தேவையா, படி ஏற முடியுமா, அவசரத்தில் யாரை அழைப்பது, எத்தனை மணி நேரத்தில் அவர் வந்து சேருவார் என்று கேட்கலாம். நோயின் பெயர்களையும் மருத்துவ அறிக்கைகளையும் கேட்பது நம் வேலை அல்ல.

4. விசாரணை

தரகரோ வெளிநாட்டிலுள்ள மகனோ பேசினால் போதாது. குடிவரப்போகும் பெரியவரையே நேரில் பார்த்து, அவர் விருப்பத்தோடுதான் வருகிறாரா என்று அறிய வேண்டும். முந்தைய வீட்டு உரிமையாளரிடம் மூன்றே கேள்விகள்: வாடகை தவறாமல் வந்ததா? வீட்டை எப்படி வைத்திருந்தார்? ஏன் காலி செய்தார்? ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் நகலே போதும். காவல் நிலையத்துக்குத் தர வேண்டிய வாடகைதாரர் விவரப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுவோம். "பிள்ளைகள் ஏன் கூட வைத்துக்கொள்ளவில்லை?" என்று துருவுவது விசாரணை அல்ல, மனதைப் புண்படுத்துவது.

5. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

பெயரைச் சொன்னதும் "வீடு போய்விட்டது" என்ற பதிலைக் கேட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த வலி தெரிந்த நாம், மதம், சாதி, மொழி பார்த்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. அதேபோல் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், சொந்தக்காரர் சொல்லி வந்தவர் என்பதற்காக ஒப்பந்தத்தை விட்டுவிடவும் கூடாது. தெரிந்தவர்களிடையேதான் எழுதாத பேச்சு உறவைக் கெடுக்கிறது. கேள்விகளை ஒரு தாளில் எழுதி, வருகிற எல்லோரிடமும் அவற்றையே கேட்பது நல்லது.

6. எழுத்தில் வைப்போம்

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பில் பதிவும் செய்ய வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் என்பதால் விலக்கு இல்லை. வேறு உடன்பாடு இல்லையென்றால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நாமாக நிறுத்த முடியாது. வாடகை நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே குறிப்பாகக் கவனிப்போம். தம்பதியரில் மூத்தவர் இறந்துவிட்டால், வயது வரம்பை எட்டாத துணைவர் தொடர்ந்து இருக்கலாமா? சங்கத்தின் பதிலை முன்பே கேட்டு ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவோம். இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணிடம் போய் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இல்லை என்று சொல்லும்போது

ஒருவர் பொருந்தவில்லை என்றால் நாட்களைக் கடத்தாமல் உடனே சொல்வோம். டோக்கன் பணம் வாங்கியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுப்போம். வாங்கிய நகல்களையும் கிழித்துவிடுவோம். நம் கைக்கு வந்த அவர் விவரங்களும் அமானிதமே.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க:

• நம் பெற்றோர் வாடகைக்கு வீடு தேடினால், அவர்களிடம் எந்தக் கேள்வியைக் கேட்பதை நாம் விரும்ப மாட்டோம்?
• வாடகை இரண்டு மாதம் வராவிட்டால் யாரோடு முதலில் பேசுவது என்று நம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா?
• நம் வீடு இருக்கும் குடியிருப்பின் விதிகளை நாம் முழுமையாகப் படித்திருக்கிறோமா?