மேட்பிளாட்லிப் நிறுவ மறுக்கும்போது

மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் பாடநூல், பைபிளாட்டைக் கொண்டு கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், வட்ட வரைபடம் வரைவதோடு முடிகிறது. அதற்கு மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பு வேண்டும். அதை நிறுவப் பாடநூல் தரும் கட்டளை 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -யு மேட்பிளாட்லிப்' என்பது. (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்துள்ளேன், விசைப்பலகையில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.) விண்டோஸில் இந்த வரி பெரும்பாலும் வேலை செய்துவிடும். உபுண்டு 24.04 உள்ள கணினியில் மாணவர் இதே வரியைத் தட்டினால் மூன்று இடங்களில் தடுக்கப்படுவார். செய்முறைத் தேர்வு நெருங்கும் நாளில் இப்படி நடந்தால், "லினக்ஸே வேண்டாம் சார், விண்டோஸ் போட்டுடலாம்" என்ற பேச்சு ஆய்வகத்தில் எழும். காசு கொடுக்காமல் கிடைத்த நல்ல இயங்குதளம் ஒரு சிவப்பு எழுத்து வரிக்குப் பயந்து கைவிடப்படும்.

முதல் தடை சிறியது. 'பைத்தான்' என்ற கட்டளை இல்லை, 'பைத்தான்3' என்று சொல்ல வந்தீர்களா என்று கணினியே கேட்கும். 3 சேர்த்துத் தட்டினால் அடுத்து 'பிப் என்ற கூறு இல்லை' என்று வரும். உபுண்டுவில் பைத்தான் முன்பே இருக்கும், பிப் இருக்காது. 'சூடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்து, பிறகு 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-பிப்' கொடுத்தால் அது வந்துவிடும். அப்டேட்டை விட்டுவிட்டு நேராக இன்ஸ்டால் கொடுப்பவர்களுக்குத்தான் 'தொகுப்பைக் கண்டறிய முடியவில்லை' என்ற செய்தி அதிகம் வருகிறது. களஞ்சியத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கணினியிடம் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். எழுத்துப் பிழை இருந்தாலும் இதே செய்திதான் வரும்.

மூன்றாவது தடையில்தான் பலர் திகைக்கிறார்கள். இது 'வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்' என்று தொடங்கும் நீண்ட செய்தி. 2023இல் வெளிவந்த டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றில் தொடங்கிய ஏற்பாடு இது. முன்பெல்லாம் பிப் தடையின்றி நிறுவிவிடும் என்பதால், பழைய கையேடுகளில் இந்தச் செய்தியைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

காரணத்தை நம் பகுதி மாணவருக்குப் புரியவைப்பது எளிது. நாமக்கல் பட்டறையில் நிற்கும் ஒரு லாரியில் இரண்டு மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மாட்டிய பாகத்தை மற்றவர் கழற்றி வேறு அளவில் மாட்டினால் வண்டி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆப்ட் ஒரு மெக்கானிக், பிப் இன்னொருவர். உபுண்டுவின் சில உள்வேலைகளே பைத்தானில்தான் ஓடுகின்றன. ஆகவே இயங்குதளத்தின் பைத்தானில் ஆப்ட் மட்டுமே கைவைக்கலாம் என்று விதி வைத்துவிட்டார்கள்.

இணையத்தில் தேடினால் உடனே ஒரு குறுக்குவழி கிடைக்கும்: கட்டளையோடு '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று சேர்ப்பது. அமைப்பின் தொகுப்புகளை உடை என்று அதன் பெயரிலேயே இருக்கிறது. பள்ளிக் கணினியில் இதை அனுமதிக்கவே கூடாது என்பது என் கருத்து. 'சூடோ பிப்' பழக்கமும் அப்படியே.

செய்ய வேண்டியதை அந்தப் பிழைச்செய்தியே சொல்கிறது. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-மேட்பிளாட்லிப்' என்று கொடுத்தால் பாடநூல் நிரல்களுக்குத் தேவையானது அனைத்தும் வந்துவிடும். களஞ்சியத்தில் இல்லாத தொகுப்போ, புதிய பதிப்போ வேண்டுமென்றால் மெய்நிகர் சூழல்தான் வழி. 'பைத்தான்3-வென்வ்' தொகுப்பை ஆப்ட் மூலம் நிறுவி, 'பைத்தான்3 -எம் வென்வ் பயிற்சி' என்று கொடுத்தால் பயிற்சி என்றொரு கோப்புறை உருவாகும் (கோப்புறைப் பெயரையும் ஆங்கில எழுத்தில் கொடுப்பது நல்லது). 'சோர்ஸ் பயிற்சி/பின்/ஆக்டிவேட்' கொடுத்த பிறகு அதற்குள் பிப் தாராளமாக வேலை செய்யும். கெட்டுப்போனால் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அங்கே நிரல் பிழையின்றி ஓடியும் வரைபடச் சாளரம் திறக்கவில்லை என்றால் 'பைத்தான்3-டிகே' தொகுப்பு இல்லை என்று பொருள். அதை ஆப்ட் மூலம் நிறுவ வேண்டும்.

பைத்தானோடு தொடர்பில்லாத தடைகளும் உண்டு. கணினியைப் போட்டவுடன் ஆப்ட் கொடுத்தால் 'பூட்டைப் பெற முடியவில்லை' என்று வரலாம். பின்னணியில் தானியங்கிப் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கிறது. பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரைகளை நம்ப வேண்டாம். வருகைப்பதிவை முடித்துவிட்டு வந்தால் பூட்டு பெரும்பாலும் தானே விடுபட்டிருக்கும். நிறுவும்போது பாதியில் மின்சாரம் போய்விட்டால், அடுத்த முறை 'டிபிகேஜி குறுக்கிடப்பட்டது' என்று வரும். 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ' என்ற கட்டளை விட்ட இடத்திலிருந்து வேலையை முடிக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் நிறுவும் வேலையை வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

பழைய கணினிகளில் என்னை அதிகம் சுற்றவைத்தது கடிகாரம். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது ஆப்ட் 'வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்றும், பிப் 'சான்றிதழைச் சரிபார்க்க இயலவில்லை' என்றும் சொல்லும். பார்ப்பவருக்கு இணையக் கோளாறு போலவே தெரியும். தேதியைத் திருத்திப் பேட்டரியை மாற்றினால் இரண்டும் தீரும். '404' என்று வந்தால் பெரும்பாலும் பட்டியல் பழையது. மீண்டும் அப்டேட் கொடுக்கலாம். அதன் பிறகும் வந்தால் அந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்திருக்கலாம். உபுண்டுவில் இடைப்பதிப்புகளுக்கு ஒன்பது மாதமும், எல்டிஎஸ் பதிப்புகளுக்கு ஐந்தாண்டும் ஆதரவு உண்டு. ஆய்வகத்துக்கு எல்டிஎஸ் மட்டுமே போடலாம்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. அண்ணன், அக்காவின் மடிக்கணினி வீட்டில் இருக்கும் மாணவருக்கும் ஆப்ட் கட்டளைகள் இவைதான்.

இணையம் ஒரே கணினியில்தான் வருகிறது, அதுவும் ஆசிரியரின் கைப்பேசியிலிருந்து என்றால், மற்றவற்றைப் போலவே அமைந்த, மேட்பிளாட்லிப் இதுவரை நிறுவாத கணினி ஒன்றில் 'சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி பைத்தான்3-மேட்பிளாட்லிப்' கொடுக்கலாம். அதற்கு வேண்டிய சார்புத் தொகுப்புகளும் சேர்ந்து 'வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்' கோப்புறையில் வந்து நிற்கும். டெப் என்று முடியும் அந்தக் கோப்புகளைப் பென் டிரைவில் ஒரு கோப்புறையாக எடுத்துச் சென்று, மற்ற கணினிகளில் அந்தக் கோப்புறையில் முனையத்தைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./*.டெப்' கொடுத்தால் போதும். எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும்.

பிழை வந்ததும் மாணவர்கள் அதே கட்டளையை நான்கைந்து முறை தட்டுவார்கள், அல்லது "சார், எரர்" என்று கை தூக்குவார்கள். என் வகுப்பில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். கை தூக்குவதற்கு முன் செய்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் பதிவேட்டில் எழுதி, கீழே அதன் பொருளைத் தமிழில் எழுத வேண்டும். தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி மேசையில் இருக்கும். தமிழ்வழி மாணவர்களுக்கு முதல் இரண்டு வாரம் இது பாரமாகத்தான் இருக்கும். பிறகு ஒரே சொற்களே திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்துவிடுகிறார்கள். இப்போது "சார், எரர்" என்பதற்குப் பதில் "சார், லாக் ஆகியிருக்கு, அஞ்சு நிமிஷம் பார்க்கிறேன்" என்கிறார்கள்.