நீலத்துணி சொல்லும் பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

உலக நாடுகளை வளர்ந்தவை, வளர்பவை என இரண்டாகப் பிரிக்கிறோம். உழைப்பிலும் அறிவிலும் குறைந்த நாடுகளே பின்தங்கின என்று சொல்வாரும் உண்டு. அது உண்மையா? நம் புதுச்சேரியின் வரலாற்றையே சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

1674இல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வணிக நிலையம் அமைத்தபோது, சோழமண்டலக் கடற்கரையின் பருத்தித் துணி உலகப் புகழ் பெற்றிருந்தது. பிரெஞ்சு மக்களும் அதை விரும்பி வாங்கினர். தம் நாட்டு நெசவு நலியும் என அஞ்சிய பிரெஞ்சு அரசு, 1686 முதல் 1759 வரை அச்சடித்த பருத்தித் துணிக்குத் தடை விதித்தது. தன் தொழிலைக் காக்கத் தன் கதவை அடைக்கும் உரிமை அந்நாட்டுக்கு இருந்தது. இதை நினைவில் கொள்வோம்.

அடுத்து, 'கினே' எனப்பட்ட நீலத்துணி. அவுரிச் சாயம் தோய்த்த இத்துணி பிரெஞ்சுத் துறைமுகங்கள் வழியாக ஆப்பிரிக்காவின் செனகால் ஆற்றங்கரையை அடைந்தது. அடிமைகளுக்கு விலையாகவும், பின்னர் வேல மரப் பிசினுக்கு ஈடாகவும் தரப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நாணயம் போலவே புழங்கிற்று. அந்தப் பிசின், பிரான்சின் துணி அச்சுப் பட்டறைகளில் சாயத்தைக் கெட்டியாக்கப் பயன்பட்டது.

அவுரி நீலம் நீரில் கரையாது. தொட்டியில் புளிக்க வைத்து ஒடுக்கினால்தான் கரையும். தோய்த்த துணி காற்றுப்பட்டதும் ஆக்சிஜனேற்றமடைந்து மீண்டும் நீலமாகும். இன்று ஆய்வுக்கூடத்தில் நான் பயிலும் இவ்வேதிவினை நம் சாயக்காரருக்குக் கைப்பழக்கமாக இருந்தது. அறிவில் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. நெய்தவர் இங்கே, பிசின் எடுத்தவர் செனகாலில். ஆனால் கப்பலும் முதலும் போர்தோ போன்ற நகரங்களின் வணிகர் கையில். சுங்கச் சட்டமோ பாரிசின் கையில்!

பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே கதைதான். 1896இல் இறக்குமதித் துணிக்கு 3½ விழுக்காடு தீர்வை விதித்த அரசு, இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு வரி போட்டது. லங்காஷயர் முதலாளிகளின் வற்புறுத்தலே காரணம். அடைக்கக் கதவு இருந்தும், தாழ்ப்பாள் நம் கையில் இல்லை.

ஆலைத் தொழிலாளர் நிலை என்ன? 1936 ஜூன் மாதம் பிரான்சில் வாரத்துக்கு 40 மணி நேர வேலைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த மாதம் 30ஆம் நாள், உரிமை கேட்டுப் போராடிய புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு இடத்திலும் பறந்தது ஒரே கொடி! அவர்கள் சிந்திய இரத்தத்தின் பயனாகவே, 1937இல் இங்கு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

என் தாத்தாவும் ஓர் ஆலைத் தொழிலாளிதான். இரவு முறைக்கும் சலிக்காமல் போனவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உழைக்காததால்தான் ஏழைகள் என்ற சொல்லை என்னால் எப்படி ஏற்க முடியும்?

ஆயினும் எல்லாப் பழியையும் அந்நியர் தலையில் சுமத்துவது முறையன்று. 1954இல் ஆட்சி நம் கைக்கு வந்தது. புகழ்பெற்ற மூன்று பஞ்சாலைகளும் 2020இல் மூடப்பட்டபோது, தாழ்ப்பாள் நம்மிடமே இருந்தது. உரிமை பெறுவது ஒரு பாதி. அதைத் திறம்படப் பயன்படுத்துவது மறுபாதி. அந்த மறுபாதியை நிறைவேற்றும் பொறுப்பு, படிக்கும் நம் தலைமுறையைச் சேர்ந்ததன்றோ?