பனியன் துணி உருள்வது ஏன்?

கேள்வி: பழைய டி-ஷர்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பட்டையாக நறுக்கி, குரோஷா ஊசியில் சங்கிலி பின்னி நெக்லஸ் செய்கிறேன். பட்டையை ஒரு இழு இழுத்தால் கயிறு மாதிரி உருண்டுகொள்கிறது. ஆசைப்பட்டு அம்மாவின் பழைய பட்டுப் புடவையையும் அப்படியே நறுக்கி இழுத்தேன். உருளவும் இல்லை, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து வந்துவிட்டது. ‘டி-ஷர்ட்டில் லைக்ரா இருக்கும், அதான்’ என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அப்படியா?
– வாசகி, ஈரோடு

பதில்: லைக்ரா மேல் பழி போட வேண்டாம், சகோதரி. நூறு சதவீதம் பருத்தி என்று லேபிள் உள்ள டி-ஷர்ட்டை நறுக்கி இழுத்துப் பாருங்கள், அதுவும் உருளும். அப்புறம் அதன் கழுத்துப்பட்டையை நறுக்கி இழுங்கள். நன்றாக நீளும், ஆனால் தட்டையாகவே இருக்கும். லைக்ரா கலப்பது பெரும்பாலும் அந்தக் கழுத்துப்பட்டையில்தான். அக்கா சொல்வது சரியென்றால் முதலில் உருள வேண்டியது அதுவல்லவா?

விஷயம் நூலில் இல்லை, துணி உருவான விதத்தில் இருக்கிறது. புடவை தறியில் நெய்தது. நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் மாறி மாறி மேலும் கீழும் போய் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கின்றன. ஒரு பக்கமாகச் சுருள அதற்குக் காரணமே இல்லை. ஆனால் நறுக்கிய ஓரத்தில் நூலை அடக்க எதுவும் இல்லாததால் உருவிக்கொண்டு வருகிறது.

பனியன் துணி பின்னியது. நூல் வளையம் வளையமாக வளைந்து, ஒவ்வொரு வளையமும் முந்தைய வரிசை வளையத்துக்குள் நுழைந்து நிற்கிறது. டி-ஷர்ட்டுக்கான சாதாரணத் துணிக்குச் சிங்கிள் ஜெர்சி என்று பெயர். அதாவது, ஒரே வரிசை ஊசிகளில் பின்னியது. அதைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நல்ல பக்கத்தில் வளையங்களின் கால்கள் மட்டும் நெட்டுக்கோடுகளாகத் தெரியும். தலையும் அடியும் பின்பக்கம் பிறை பிறையாக ஒதுங்கியிருக்கும்.

வளைத்த மூங்கில் பிளாச்சு கையை விட்டதும் நிமிரப் பார்க்குமே, இந்த நூலும் அப்படித்தான். வளையம் நிமிரும்போது பின்னால் ஒதுங்கிய தலையும் அடியும் முன்னோக்கி வரும். அதனால் துணியின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் நல்ல பக்கமாக உருள்கின்றன. இடது, வலது ஓரங்கள் நேர்மாறாகப் பின்பக்கம் உருள்கின்றன. நடுத்துணியில் அக்கம்பக்கத்து வளையங்கள் பிடித்துக்கொள்வதால் ஒன்றும் தெரிவதில்லை. ஓர் அங்குலப் பட்டையிலோ நடு என்று சொல்லவே இடமில்லை, எல்லாம் ஓரம்தான். நீங்கள் இழுப்பது அதற்கு ஒரு சாக்கு, அவ்வளவே.

கழுத்துப்பட்டை தப்பியதற்கும் காரணம் இதுவே. அது ரிப் துணி. நெட்டு வரிசை ஒன்று முன்பக்கம் பார்க்க, அடுத்தது பின்பக்கம் பார்க்கும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் துணி தட்டையாக நிற்கிறது. இன்டர்லாக் துணியும் இப்படித்தான். திருப்பூர் கட்டிங் வேஸ்ட் வாங்குவதானால் சிங்கிள் ஜெர்சி என்று கேட்டு வாங்குங்கள்.

சுற்றிச் சுற்றி நறுக்கும்போது வெட்டுப்பட்ட ஓரங்கள் இரண்டும் மேல், கீழ் ஓரங்களே. ஆகவே பட்டை நல்ல பக்கத்தை உள்ளே வைத்து உருளும். பூப்போட்ட டி-ஷர்ட்டாகத் தேடிப் பிடித்து நறுக்கினால் பூவெல்லாம் உள்ளே போய், பின்பக்கத்து வெளிறிய நிறம்தான் வெளியே தெரியும்! பூ வேண்டுமென்றால் நெட்டாக நறுக்குங்கள். துண்டுகள் குட்டையாக இருக்கும், ஒட்டுப் போட வேண்டியிருக்கும். ரப்பர் பிரிண்ட் உள்ள இடம் எப்படி நறுக்கினாலும் விறைத்துக்கொண்டு நிற்கும், ஒதுக்கிவிடுங்கள்.

குரோஷா சங்கிலியும் வளையத்துக்குள் வளையம்தான். எனவே அதுவும் தொங்கத் தொங்க நீளும். பின்னும் முன்பே பட்டை முழுவதையும் நன்றாக இழுத்துவிடுங்கள். பின்னி முடித்த மாலையை மணிகளோடு ஓர் இரவு ஆணியில் மாட்டிவைத்து, மறுநாள் அளந்த பிறகே கொக்கி தையுங்கள்.

பட்டுப் புடவையை என்ன செய்வது? பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே, மூலைவாட்டில் வெட்டுங்கள். தையற்காரர்கள் பைப்பிங்குக்கு வெட்டுவது போல. நூல் அவ்வளவாகப் பிரியாது, கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். ஆனாலும் பழைய பட்டு இழுவை தாங்காது. மரமணிகளுக்கு உறையாகச் சுற்றி, ஓரத்தை உள்ளே மடித்துத் தைப்பதே அதற்கு ஏற்ற வேலை. ஜரிகைத் துண்டுகளை மார்புப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பிடரியில் பட்டால் உறுத்தும். அங்கே வெறும் பனியன் சங்கிலியே போதும்.