கடலில் கலக்கும் தண்ணீர் வீணா?

மழைக் காலத்தில் ஆற்றில் வெள்ளம் புரண்டால், "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே!" என்று சொல்வது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் ஹவுள் கரையில் இருந்த பெரியவர் ஒருவர் நம்மிடம், "ஆலிம்சா, ஒளூவில் இரண்டு கை நீரை அதிகம் இறைத்தாலே வீண்விரயம் என்கிறீர்கள். ஆறு முழுவதும் கடலில் போய்க் கொட்டுகிறதே, அது வீண்விரயம் இல்லையா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதனுள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. நம் வயலுக்கும் நம் குழாய்க்கும் வராத நீரெல்லாம் வீண் என்ற எண்ணமே அது. மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இரு நீர்களின் சந்திப்பு

திருமறையின் ஃபுர்கான் அத்தியாயம் 53-ஆவது வசனத்தில் வல்ல நாயன் தன் வல்லமையின் அத்தாட்சிகளுள் ஒன்றாக இரு நீர்களைக் குறிப்பிடுகிறான். ஒன்று இனியது, தாகம் தீர்ப்பது. மற்றது உப்பும் கசப்புமானது. இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, இடையில் ஒரு தடுப்பையும் அவனே ஆக்கியிருக்கிறான். ஃபாத்திர் அத்தியாயம் 12-ஆவது வசனமோ, இவ்விரண்டும் சமமல்ல என்று சொல்லிவிட்டு, இரண்டிலிருந்தும் நாம் மீனிறைச்சி உண்பதையும் அணிகலன் எடுப்பதையும் நினைவூட்டி, நன்றி செலுத்துமாறு உணர்த்துகிறது.

அந்தத் தடுப்பு எது என்பதில் விரிவுரையாளர்கள் பலவிதமாகக் கூறியுள்ளனர். அந்த ஆராய்ச்சிக்குள் நாம் இங்கே புகவில்லை. நம் கண்ணால் காணக்கூடிய ஒன்றை மட்டும் சொல்வோம். ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில், கனமான உப்பு நீர் அடியிலும் இலேசான நன்னீர் மேலுமாக நகர்கின்றன. கடல் ஏறும்போது உப்பு உள்ளே வருகிறது. ஆறு பெருகும்போது அது வெளியே தள்ளப்படுகிறது. ஆற்றில் நீர் வரத்து நின்றால் இந்தச் சமநிலை குலைந்துபோகும். அப்போது கடல் மெல்ல மெல்ல உள்ளே ஏறும். கரையோர நிலத்தடி நீரும் உப்பாகும். ஆக, கடலுக்குப் போகும் அந்த ஆற்றுநீர்தான் கடலைத் தன் இடத்தில் நிறுத்திவைக்கிறது. அதை வீண் என்று எப்படிச் சொல்வது?

தாமிரபரணியின் கடைக்கோடி

நம் பக்கத்து ஆற்றையே எடுத்துக்கொள்வோம். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வழியில் 8 அணைக்கட்டுகள் அதன் நீரை வாய்க்கால்களுக்குத் திருப்புகின்றன. அவற்றில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதையும் தாண்டி எஞ்சுவதே கழிமுகத்தின் பங்கு.

இந்த முகத்துவாரம் நமக்கு அந்நியமானதன்று. முத்துக்குப் பெயர் பெற்ற கொற்கைத் துறைமுகம் இவ்வாற்றின் வாயில்தான் இருந்தது. ஆறு கொணர்ந்த வண்டலால் கரை நீண்டு, இன்று கொற்கை கடலைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. பின்னர் சிறந்த காயல் துறையில் அரபு நாட்டிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். நம் முன்னோர் பலருடைய வாணிபத்திற்கு இந்த ஆற்றுவாய் வாசலாக இருந்தது.

இன்றும் அது உயிருள்ள வாசல்தான். அங்குள்ள அலையாத்திச் செடிகளின் வேர்களுக்கிடையே இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பதுங்கி வளர்கின்றன. மடவையும் கொடுவாவும் அந்தக் கலப்பு நீரைத் தேடி வருகின்றன. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் கழிமுகத்திற்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. நம் வீட்டு ஆணத்தில் கிடக்கும் இறாலுக்கு எங்கோ ஒரு கழிமுகம் தொட்டிலாக இருந்திருக்கும். அந்தத் தொட்டிலுக்குள் நன்னீரும் வண்டலும் வராவிட்டால் குஞ்சு ஏது?

கீழ்மடைக்காரரின் ஹக்கு

மதீனாவில் ஹர்ராப் பகுதியின் வாய்க்கால் நீர் குறித்து ஹஜ்ரத் ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் வழக்கு உண்டாயிற்று. ஜுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேலே இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள், ஜுபைர் தம் மரங்களுக்குப் பாய்ச்சிக்கொண்டு பின்பு அண்டைக்காரருக்குத் திறந்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய கிதாபுகளில் வரும் செய்தி. மஹ்ஜூர் என்ற ஓடை பற்றிய வழக்கிலோ, மேலே உள்ளவர் கணுக்கால் அளவு நீரைத் தேக்கிக்கொண்டு, பிறகு கீழே உள்ளவருக்கு விட்டுவிட வேண்டும் என்று அளவே குறித்துத் தந்தார்கள். இது அபூதாவூதில் உள்ளது.

இவ்விரு தீர்ப்புகளிலும் மேலே உள்ளவருக்கு முதல் பாத்தியம் உண்டு. முழுப் பாத்தியம் இல்லை. கீழ்மடைக்காரர் பெறுவது தருமமன்று. அது அவருடைய ஹக்கு.

இந்த நீதியை ஆறு நெடுக விரித்துப் பாருங்கள். மலையடிவாரத்து விவசாயிக்குக் கீழே நகரத்தார் இருக்கிறார்கள். நகரத்தாருக்குக் கீழே கடைமடை விவசாயி. அவருக்கும் கீழே புன்னைக்காயல் மீனவர். அந்த மீனவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அதனால் அவர்களுடைய ஹக்கில் அணுவளவும் குறையாது. ஆடு அறுத்த வீட்டில், அண்டையிலிருந்த யூதருக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்ட அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வழி நம்முடைய வழியல்லவா?

கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இருந்தவர்களின் உவமையையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கீழே இருந்தவர்கள் தங்கள் பங்கில் தானே ஓட்டை போடுகிறோம் என்று எண்ணினார்கள். தடுக்காவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். ஆற்றுக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்க முடியாது. அத்தகைய நாளில் ஓடைகளும் ஆற்றுவாயும் தூர்ந்தும் அடைபட்டும் கிடந்தால், வெள்ளம் நம் வீட்டு நடுக்கூடத்தில்தான் வழி தேடும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. நீரின் பாதைக்கும் அதே மரியாதை வேண்டும்.

ஒளூ கூடும் என்பதோடு முடிந்ததா?

இன்னொரு மஸ்அலாவையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓடும் பெருநீரில் அசுத்தம் விழுந்து, அதன் நிறமோ ருசியோ வாடையோ மாறாதிருந்தால், அந்நீரில் ஒளூ கூடும். கடல் நீரிலும் கூடும். இதைப் படித்துவிட்டுச் சிலர், "பெரிய ஆறுதானே, கெட்டுவிடாது" என்று கழிவைத் திருப்பி விடுகிறார்கள். இது மயக்கம். ஒளூ கூடுமா என்பது ஒரு கேள்வி. பிறருக்குத் தீங்கு செய்யலாமா என்பது வேறு கேள்வி. நீர்த்துறை, மக்கள் நடக்கும் வழி, நிழல் ஆகிய மூன்றிடங்களில் மலங்கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று எச்சரித்தார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். நீர்த்துறை அசுத்தமாகாமல் தப்பினாலும், செய்தவன் சாபத்திலிருந்து தப்பவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, குர்பானிக் கழிவு. ஹஜ்ஜுப் பெருநாளன்று குடலையும் கழிவையும் வாய்க்காலில் எறிவது ஒரு வணக்கத்தின் முடிவில் ஒரு பாவத்தைச் சேர்ப்பதாகும். குழி தோண்டிப் புதையுங்கள்.

இரண்டாவது, சாக்கடை. வீட்டுக் கழிவுநீரையும் பள்ளிவாசல் கழிப்பிட நீரையும் வாய்க்காலில் விடாமல், முறையான தொட்டி கட்டுவது ஜமாஅத்தின் பொறுப்பு. ஒளூச் செய்த நீரை உறைகுழியில் இறக்கினால் அது நிலத்தடிக்குப் போகும். வானிலிருந்து அளவோடு இறக்கிய நீரைப் பூமியில் தங்கவைத்ததாகவும், அதைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுள்ளவன் என்றும் முஃமினூன் அத்தியாயம் 18-ஆவது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான்.

மூன்றாவது, மணல். தாமிரபரணியில் மணல் அள்ள, 2010 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை விதிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. ஆற்று மணல் நீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு போன்றது. படுகை பள்ளமானால் கடல்நீர் உள்ளேற வழி இலேசாகும். ஆகவே வீடு கட்டுவோர் மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது கூடாது. அது பள்ளிவாசல் கட்டுவதற்கானாலும் சரியே. ஹராமான மணலில் எழுப்பிய சுவரில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியுமா?

நான்காவது, அலையாத்தி. முஸ்லிம் ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது அவருக்கு ஸதக்காவாகும் என்பது நபிமொழியின் கருத்து. அலையாத்தியின் இலை உதிர்ந்தால் நண்டு தின்னும். அதன் நிழலில் மீன் வளரும். கடலோர ஊர்களின் இளைஞர்கள், வனத்துறையிடம் கேட்டு, பொருத்தமான இடத்தில் கன்று நடலாம். இருப்பதை வெட்டாமல் காக்கலாம்.

கேள்வி கேட்ட பெரியவருக்கு நம் பதில் இதுதான். குழாயை மூடாமல் ஒளூச் செய்தால் அது வீண்விரயம். நாம் அள்ளியது போக ஆறு கடலுக்குக் கொண்டுபோவது வீணல்ல. அது கீழே இருப்பவர்களுக்கும், பேசத் தெரியாத படைப்புகளுக்கும் அல்லாஹ் அனுப்பும் ரிஜ்கு. அது நம் வாசலைக் கடந்து போகும்போது கெடுக்காமலும் தடுக்காமலும் விடுவதே நம்மிடம் கேட்கப்படும் அமானிதம்.

அவன் தந்த நீருக்கு நன்றி செலுத்துவோராகவும், அதில் பிறர் ஹக்கைப் பேணுவோராகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.