ரோட்டோருவாவில் மூன்று நாள்: பட்டியலைப் பாதியாக்குங்கள்

கேள்வி: எங்கள் மகன் ஆக்லாந்தில் வேலை பார்க்கிறான். நியூசிலாந்து வரும்போது ரோட்டோருவா என்ற ஏரிக்கரை ஊரில் மூன்று நாள் ஓய்வாக இருக்கலாம் என்று சொல்லி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான். வெந்நீர் ஊற்றுப் பூங்காக்கள் மூன்று, குளியல் நிலையங்கள் இரண்டு, சேற்றுக் குளியல், ஹாபிட்டன் திரைப்படத் தளம், வைட்டோமோ குகை, மாவோரி விருந்து, காட்டுக்குள் மரப்பாலம், படகுப் பயணம் என்று நீள்கிறது. எனக்கு 66 வயது, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு முழங்கால் வலி. ஒன்பது வயதுப் பேரனும் கூட வருகிறான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? ஊரெல்லாம் கந்தக வாடை அடிக்குமாமே, உடம்புக்கு ஆகுமா? (வாசகர், திருச்சி)

பதில்: பட்டியலில் மோசமான இடம் என்று எதுவும் இல்லை. ஆனாலும் பாதியை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் வயதோ, துணைவியாரின் முழங்காலோ அதற்குக் காரணமல்ல. இருபத்தைந்து வயதுக்காரர் கேட்டிருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன். ரோட்டோருவாவில் பார்க்கத் தகுந்தவை எல்லாம் பூமிக்குள் இருக்கும் சூட்டால் நடப்பவை. அந்தச் சூடு தனக்கென ஒரு நேரக் கணக்கு வைத்திருக்கிறது. நாம் அங்கே போய் உட்கார்ந்து காத்திருந்தால் அது தன்னைக் காட்டும். அரை மணிக்கு ஓர் இடம் என்று ஓடுகிறவர்களுக்கு ஆவியும் வேலியும் அறிவிப்புப் பலகையும் மட்டுமே கிடைக்கும். ஆகவே அந்த ஊரில் ஓய்வு வேறு, ஊர் பார்ப்பது வேறு என்று பிரிக்க முடியாது. நிதானமாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இதற்குச் சரியான சாட்சி அங்கே பீறிடும் இரண்டு ஊற்றுகள். ஊரின் தெற்கு ஓரத்தில், ஃபாகாரேவாரேவா பள்ளத்தாக்கில் உள்ள தெ பூயியா வளாகத்தில் இருக்கிறது போஹுட்டு. 30 மீட்டர் உயரம் வரை வெந்நீரைப் பீச்சும். வழக்கமாக மணிக்கு ஓரிரு முறை பீறிடும் என்றாலும் எந்த நிமிடம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பக்கத்திலேயே ‘வேல்ஸ் இளவரசர் இறகுகள்’ என்று பெயர் பெற்ற சிறிய ஊற்று ஒன்று உண்டு. பெரும்பாலும் முதலில் பொங்குவது அதுதான். சாய்வாகக் கிளம்பும் அதன் பீச்சு கொஞ்சம் கொஞ்சமாக உயரம் பிடிக்கும். அதைத் தொடர்ந்து போஹுட்டு எழும்பும். இந்த வரிசையைத் தெரிந்துகொண்டு எதிரே இருக்கும் கல்படிகளில் உட்கார்ந்தால் காத்திருப்பதே சுகமாகிவிடும். அந்தக் கல் நிலத்தடிச் சூட்டில் இதமாக வெதுவெதுப்பாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த ஊரில் அதைவிட நல்ல இருக்கை இல்லை. இன்னொன்று லேடி நாக்ஸ். ஊரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே வையோட்டாப்புவில் இருக்கிறது. அது தினமும் காலை 10:15-க்குப் பீறிடும், காரணம் அந்த நேரத்தில் ஒருவர் அதன் வாயில் சோப்பைப் போடுவதுதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே முகாமிட்டு வேலை செய்த கைதிகள் துணி துவைத்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்த உத்தி அது. சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து ஊற்றைக் கிளப்பிவிடுகிறது. நேரம் தவறாத காட்சி என்பதால் கார்களும் பேருந்துகளும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து குவியும். வையோட்டாப்புவின் நிறங்கள் அபாரமானவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டில் ஒன்று என்றால் போஹுட்டுவைத்தான் தேர்ந்தெடுங்கள்.

பூங்காக்களில் இரண்டாவதாக ஒன்று வேண்டுமானால் வைமாங்கு பள்ளத்தாக்கு. 1886 ஜூன் 10 அதிகாலையில் தாராவேரா எரிமலை பிளந்து வெடித்தது. சுமார் 120 பேர் மாண்டார்கள். உலகமே வந்து பார்த்துப்போன இளஞ்சிவப்பு, வெள்ளைப் பாறைப் படிவரிசைகள் ஒரே இரவில் போயின. அந்த வெடிப்பில் உருவானதுதான் வைமாங்கு. ஒரு வெந்நீர் நிலப்பகுதி எந்த நாளில் பிறந்தது என்று தேதி குறித்துச் சொல்லக்கூடிய அபூர்வ இடம். அங்குள்ள இன்ஃபெர்னோ குழியில் வெளிர்நீலத் தண்ணீர் ஏறத்தாழ 38 நாளுக்கு ஒருமுறை பொங்கி வழிந்து, பிறகு பல மீட்டர் ஆழத்துக்கு வடிந்துவிடும், மறுபடியும் ஏறும். நீங்கள் போகும் நாளில் நிரம்பியிருக்கிறதா வடிந்திருக்கிறதா என்பது உங்கள் கையில் இல்லை. எந்த நிலையில் இருந்தாலும் பார்க்கத் தகுந்ததுதான். உங்கள் குடும்பத்துக்கு இதைச் சொல்ல இன்னொரு காரணம், பாதை பெரும்பாலும் இறக்கமாகவே ரோட்டோமஹானா ஏரி வரை போகிறது. வழியில் பேருந்து நிறுத்தங்கள் உண்டு. முழங்கால் போதும் என்றால் அங்கேயே ஏறி மேலே திரும்பிவிடலாம்.

நிதானம் என்று நான் சொல்வது வெறும் ரசனை சம்பந்தப்பட்டது என்று உங்கள் மகன் நினைக்கலாம். அந்த ஊரே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது. வீட்டைச் சூடாக்க, விடுதிக் குளங்களை நிரப்ப என்று ஊர் முழுக்க ஆழ்துளைக் கிணறுகள் போட்டு வெந்நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஊற்றுகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்தன. பாப்பாகுரா என்ற ஊற்று 1979-இல் அடங்கிப்போனது. 1986-இல் அரசு, போஹுட்டுவைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட உத்தரவிட்டது. கடும் எதிர்ப்பு எழுந்தது. பழக்கப்பட்ட வசதியை விட்டுக்கொடுப்பது யாருக்கும் எளிதல்லவே. ஆனால் நிலத்தடி நீர் மட்டம் ஏறியது, ஊற்றுகள் தேறின. பாப்பாகுரா மீண்டும் விழித்துக்கொண்டது 2015-இல். அவசரமாக எடுத்தது திரும்பிவர 36 ஆண்டுகள் ஆயின. போஹுட்டு இன்று பீறிடுவதே உள்ளூர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டதால்தான். விருந்தாளியாகப் போகிற நாமும் கொஞ்சம் குறைத்துக்கொள்வதில் தவறில்லை.

குளியலுக்கு வருகிறேன். தினம் ஒரு குளியல், ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பாலினேசியன் ஸ்பாவில் ஏரியைப் பார்த்தபடி உட்காரும் குளங்கள் இருக்கின்றன. அமிலத்தன்மை கொண்ட ‘பிரீஸ்ட்’ ஊற்றுநீர் மூட்டுவலிக்கும், காரத்தன்மை கொண்ட ‘ரேச்சல்’ ஊற்றுநீர் தோலுக்கும் நல்லது என்று அங்கே நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிவருகிறார்கள். இந்த நம்பிக்கையில்தான் அரசாங்கமே 1908-இல் பிரமாண்டமான குளியல் மாளிகை ஒன்றைக் கட்டி நோயாளிகளை வரவழைத்தது. ஐரோப்பாவின் மருத்துவக் குளியல் ஊர்களோடு போட்டி போடும் ஆசை அதற்கு இருந்தது. ஆவியும் அமிலமும் முதலில் அரித்தது அந்தக் கட்டடத்தைத்தான். சிகிச்சைக் குளியலின் மவுசும் காலப்போக்கில் குறைந்தது, கட்டடம் பின்னாளில் அருங்காட்சியகமானது. ஆகவே முழங்கால் குணமாகும் என்ற எதிர்பார்ப்போடு உங்கள் துணைவியார் இறங்க வேண்டாம். தண்ணீர் உடலின் எடையைத் தாங்கிக்கொள்ளும், சூட்டில் தசைகள் இளகும். அன்று இரவு வலி குறைந்து நன்றாகத் தூக்கம் வரும். அதுவே போதுமான லாபம்.

உங்களுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். வெந்நீரில் உட்காரும்போது தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் சட்டென எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். கிளம்புமுன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால், இருப்பதிலேயே சூடு குறைந்த குளத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு, விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு மெல்ல எழுங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். இன்னொன்று, நம்மவர்களுக்கு நீரில் இறங்கினால் மூன்று முங்கு போட்டுத் தலை முழுகினால்தான் குளித்த திருப்தி. அங்கே அது கூடவே கூடாது. சூடான இயற்கை நீரில் வாழக்கூடிய ஒருவகை அமீபா மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். நோய் மிக அரிது. வந்தால் பெரும்பாலும் உயிருக்கே ஆபத்து. ‘தலையை நீருக்கு மேலே வைத்திருங்கள்’ என்று நியூசிலாந்து சுகாதாரத் துறை எச்சரிப்பது இதனால்தான். காட்டோடையாக ஓடும் கெரோசின் கிரீக் மாதிரி இடங்களில் பேரனை ஒரு கணமும் கண்ணைவிட்டு விலக்காதீர்கள். துணைவியாரின் மெட்டி, கொலுசு, வேறு வெள்ளிச் சாமான் எதுவானாலும் அறையிலேயே பத்திரமாகக் கழற்றி வைத்துவிடட்டும். கந்தகம் பட்டால் கறுத்துவிடும்.

வாடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அழுகிய முட்டை நாற்றம்தான், மறைப்பதற்கில்லை. ஹைட்ரஜன் சல்பைடு வாயு அது. திறந்தவெளியில் காற்றோடு கலந்துவிடும். ரோட்டோருவா மக்களிடம் நடத்திய ஆய்வுகள், ஊர்க்காற்றில் உள்ள வாயுவுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டவில்லை. ஒருநாள் போனால் மூக்கும் பழகிவிடும். ஆனால் மூக்கு பழகுவதை ஆபத்தில்லை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் மூடிய அறையிலும் தேங்கும். செறிவு கூடினால் நாற்றம் தெரியாமலே போய்விடும். காற்றோட்டமில்லாத அறைகளில் அங்கே உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. விடுதி அறையில் தனி வெந்நீர்த் தொட்டி இருந்தால் ஜன்னலைத் திறந்து வைக்காமல் இறங்காதீர்கள். வீட்டில் யாருக்காவது நுரையீரல் தொல்லை இருந்தால் பூங்காக்களில் அதிக நேரம் நிற்க வேண்டாம்.

‘இவ்வளவு செலவு செய்து கடல் கடந்து போய் உட்கார்ந்துவிட்டு வருவதா?’ என்ற கேள்வி நியாயமானது. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. வைட்டோமோ குகை ரோட்டோருவாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். போக வர நான்கு மணி, உள்ளே ஒரு மணி. மூன்று நாளில் ஒன்று அதோடு முடிந்தது. அதை ஆக்லாந்திலிருந்து தனியாகப் போய்க்கொள்ளலாம். ஹாபிட்டன் மட்டமாட்டா பக்கம், ஆக்லாந்திலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது. வரும்போதே பார்த்துவிடுங்கள். கட்டணம் கட்டாமலே கிடைப்பவை அங்கே ஏராளம். ஊர் நடுவில் குய்ராவ் பூங்காவில் சேறு கொதித்துக்கொண்டிருக்கும், கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டிகள் எல்லோருக்கும் இலவசம். 2001-இல் அந்தப் பூங்காவில் திடீரென நிலம் வெடித்துச் சேற்றையும் கல்லையும் வாரி இறைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓரடிகூட வைக்காதீர்கள். ஏரிக்கரையில் ஓஹினேமுட்டு என்ற மாவோரிக் குடியிருப்பு இருக்கிறது. வீட்டு முற்றங்களிலேயே ஆவி எழும்பும். அங்குள்ள செயின்ட் ஃபெய்த் தேவாலயத்தின் கண்ணாடிச் சாளரத்தில் மாவோரி மேலாடை அணிந்த இயேசு செதுக்கப்பட்டிருக்கிறார். சாளரத்தின் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் வெளியே தெரியும் ஏரிநீர் மேல் அவர் நடந்து வருவதுபோல் இருக்கும். அது மக்கள் வாழும் இடம், பூங்கா அல்ல. வீடுகளுக்குள் எட்டிப் பார்ப்பதும் கேட்காமல் படமெடுப்பதும் வேண்டாம். பட்டியலில் உள்ள அந்தக் காட்டில் 1901-இல் நட்ட கலிஃபோர்னியா செம்மரங்கள் ஓங்கி நிற்கின்றன. மேலே கட்டிய தொங்குபாலத்துக்குத்தான் கட்டணம், அடியில் நடக்க ஒன்றும் இல்லை. சருகு மூடிய மெத்தென்ற பாதை என்பதால் முழங்காலுக்கும் நல்லது.

பேரன் சலித்துப்போவான் என்ற கவலை இருக்கும். ஃபாகாரேவாரேவா கிராமத்துக்கு அழைத்துப் போங்கள். 1886 வெடிப்பில் ஊரை இழந்து வந்தவர்களின் வழியினர் இன்றும் அங்கே நிலத்துச் சூட்டிலேயே சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள். மக்காச்சோளக் கதிர்களைப் பையில் கட்டிக் கொதிக்கும் குளத்தில் இறக்கி, சில நிமிடத்தில் தூக்கிக் கொடுப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் பிரச்சினை இல்லை. மாவோரி விருந்துக்கு முன்பதிவு செய்தால் சைவம் என்று முன்னதாகவே சொல்லிவையுங்கள், ஏனென்றால் விருந்தில் பரிமாறும் ஹாங்கி (மண்ணுக்குள் புதைத்து வேகவைப்பது) அடிப்படையில் இறைச்சிச் சமையல். ஒரு மாலை நொங்கோட்டஹா மலைச்சரிவில் அவன் லூஜ் வண்டியில் சறுக்கட்டும், நீங்கள் மேலே உட்கார்ந்து ஏரியைப் பாருங்கள். டிக்கிட்டாப்பு ஏரியில் கோடையில் நீந்தலாம். அதையடுத்த ரோட்டோகாகாஹி மாவோரி இனத்தாரின் சொந்த ஏரி, அவர்களுக்குப் புனிதமானது. படகும் நீச்சலும் அங்கே கிடையாது, மேட்டிலிருந்து பார்த்துவிட்டு வரலாம்.

ஆக, முதல் நாள் ஹாபிட்டன் வழியாக வந்து சேர்ந்து குய்ராவில் கால் நனைப்பது. இரண்டாம் நாள் காலை போஹுட்டு, பிற்பகல் செம்மரக்காடு, மாலை குளியல். மூன்றாம் நாள் காலை வைமாங்கு. பிற்பகலில் எதுவும் வேண்டாம். சேற்றுக் குளியலையும் இரண்டாவது குளியல் நிலையத்தையும் விட்டுவிடுங்கள். வியாழக்கிழமை மாலை டுட்டனேகை தெருவில் இரவுச் சந்தை கூடும். அந்த நாள் உங்கள் மூன்றில் ஒன்றாக அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் மகனிடம் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் என்று சொல்லுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுக்க அங்கே பள்ளி விடுமுறை, கூட்டம் நெரியும்.